பகிர்மானப் பெட்டிக்கான சர்ஜ் காப்புக் கருவி: கருவி நன்று, கம்பியைக் கவனியுங்கள்

மின்னலாலும் மின்வழங்கலில் எழும் திடீர் மின்னழுத்த உயர்வாலும் (சர்ஜ், அதாவது மின்னெழுச்சி) கருவிகள் பாழாகாமல் காக்க, பகிர்மானப் பெட்டிக்குள் எம்.சி.பி. என்னும் தானே விழும் சுவிட்சுகளோடு வரிசையாக டின் ரெயில் என்னும் உலோகப் பட்டையில் மாட்டும் சர்ஜ் காப்புக் கருவிகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒற்றை ஃபேஸ் இணைப்புக்குரிய, இரண்டு எம்.சி.பி. அகலமுள்ள, 'வகை 2' என்று குறிக்கப்படும் 275 வோல்ட், 40 கிலோஆம்பியர் கருவியை இங்கே மதிப்பிடுகிறேன். பல நிறுவனங்கள் இதை ஏறத்தாழ ஒரே வடிவத்திலும் ஒரே மின்மதிப்புகளிலும் செய்கின்றன. ஆகவே ஒரு பெயரைச் சொல்லிப் புகழ்வதைவிட, இந்த வடிவமைப்பு எதைச் செய்கிறது, எதைச் செய்யாது, எப்படி மாட்டினால் பயன்படும் என்று சொல்வதே வாங்குபவருக்கு உதவும். என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். கருவி நல்ல கருவிதான். ஆனால் அதன் முகப்பில் அச்சிட்டுள்ள பாதுகாப்பு எண் அதன் முனைகளுக்கு மட்டுமே பொருந்தும். அந்த முனைகளுக்கு வரும் கம்பியும் அங்கிருந்து எர்த் பாருக்கு, அதாவது எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் உலோகப் பட்டைக்கு, போகும் கம்பியும் சேர்ந்துதான், உங்கள் மின்னணுக் கருவிகள் உண்மையில் சந்திக்கப்போகும் அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். ரெயிலில் நிலையாக இருக்கும் அடிப்பகுதியில் கம்பிகளை முடுக்கும் முனைகள் உள்ளன. அதன்மேல் இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் செருகப்படுகின்றன. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள கார்ட்ரிட்ஜைத் திறந்தால், சதுரமான பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது. அதுதான் எம்.ஓ.வி. எனப்படும் உலோக ஆக்சைடு வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடுப் பொடியோடு சிறிதளவு பிஸ்மத் ஆக்சைடும் வேறு சில ஆக்சைடுகளும் கலந்து சூளையில் சுட்டெடுத்த பொருள் அது. சுட்டபின் உருவாகும் நுண்ணிய படிகத் துகள்கள் ஒவ்வொன்றும் மின்சாரத்தைக் கடத்தும்; ஆனால் இரண்டு துகள்கள் ஒட்டும் எல்லையில் ஏறத்தாழ 3 வோல்ட் வரை மின்னோட்டம் தடைபட்டு நிற்கும். அதற்குமேல் அழுத்தம் ஏறினால் அந்தத் தடை சட்டென்று விலகிவிடும். வில்லையின் தடிமனில் எத்தனை எல்லைகள் அடுக்கப்பட்டுள்ளன என்பது அதன் வோல்ட் மதிப்பையும், வில்லையின் பரப்பு அது தாங்கும் மின்னோட்டத்தையும், இரண்டும் சேர்ந்த பருமன் அது உள்வாங்கும் ஆற்றலையும் முடிவு செய்கின்றன. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தைச் சேர்ந்த மிச்சியோ மட்சுவோகா இந்தப் பண்பை விளக்கிய ஆய்வுக் கட்டுரை 1971 இல் வெளிவந்தது. இன்று மின்கம்ப உச்சியிலுள்ள மின்னல் காப்பான அரெஸ்டரிலிருந்து கைப்பேசி சார்ஜருக்குள் இருக்கும் சிறு வட்டு வரை ஆள்வது அதே பொருள்தான்.

கார்ட்ரிட்ஜுக்குள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த வில்லையல்ல, அதன் ஒரு முகத்தில் ஒட்டியிருக்கும் சிறு உலோகத் தகடு. குறைந்த வெப்பத்தில் உருகும் சால்டரால் அந்தத் தகடு வில்லையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்பிரிங் அதை எப்போதும் விலக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. பல மின்னெழுச்சிகளை வாங்கி மூப்படைந்த எம்.ஓ.வி.யில் கசிவு மின்னோட்டம் கூடும். கசிவு கூடினால் சூடேறும். சூடேறினால் கசிவு இன்னும் கூடும். இந்தச் சுழல் தீயில் முடிவதற்கு முன்பே சால்டர் இளகி, தகடு விடுபட்டு, வில்லை மின்வழியிலிருந்து துண்டிக்கப்படுகிறது. அதே அசைவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நகர்ந்து, முகப்புச் சாளரத்தின் பச்சையைச் சிவப்பாக மாற்றுகிறது. மின்சுற்றோ மென்பொருளோ இல்லாத எளிய பொறிமுறை இது. வாங்கும்போது இந்தத் துண்டிப்பான் உண்டா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இது இல்லாத எம்.ஓ.வி. மின்னெழுச்சியிலிருந்து கருவியைக் காத்தாலும், தன் ஆயுளின் முடிவில் தானே தீ ஆபத்தாகிவிடும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள இரண்டாவது கார்ட்ரிட்ஜில் எம்.ஓ.வி. கிடையாது, மந்த வாயு நிரப்பி மூடிய பொறி இடைவெளி ஒன்று இருக்கிறது. இந்த '1+1' அமைப்பைச் சிலர் செலவைக் குறைக்கும் உத்தி என்று எண்ணுகிறார்கள், அது சரியல்ல. எம்.ஓ.வி.யில் எப்போதும் மிகச் சிறிய கசிவு உண்டு; அது எர்த்துக்குள் இறங்கினால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தேவையின்றி விழக்கூடும், எம்.ஓ.வி. பழுதானால் எர்த் கம்பியே ஆபத்தான அழுத்தத்துக்கு உயரவும் கூடும். வாயு இடைவெளியில் பொறி பாயாத வரை கசிவே இல்லை. அதன் குறை வேறு: ஒருமுறை பொறி பாய்ந்துவிட்டால் அதன் குறுக்கே நிற்கும் அழுத்தம் 20 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்துவிடுவதால், ஃபேஸில் அதைத் தனியாகப் போட்டால் மின்னெழுச்சி போன பின்பும் மின்வழங்கலின் மின்னோட்டமே தொடர்ந்து அதன் வழியே பாயக்கூடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வழக்கமாக அழுத்தம் இல்லாததால் அந்தத் தொல்லை அங்கே எழுவதில்லை. அதனதன் குறை வெளிப்படாத இடத்தில் ஒவ்வொன்றையும் வைத்திருக்கும் இந்த அமைப்பு தெளிவான சிந்தனையின் விளைவு.

முகப்பில் உள்ள எண்களுக்கு வருவோம். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 40 கிலோஆம்பியர். அது கருவி ஒரேயொரு முறை தாங்கவல்ல உச்ச மின்னோட்டம். விளம்பரத்துக்கு ஏற்ற எண். அதன் அருகே சிறிதாக இருக்கும் 20 கிலோஆம்பியரையே நான் முதலில் பார்க்கிறேன். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 61643-11 தரத்தின்படி, மின்வழங்கல் இணைப்பில் இருக்கும்போதே அந்த அளவிலான துடிப்புகளை ஐந்தைந்தாக மூன்று தொகுதிகளில், மொத்தம் 15 முறை வாங்கிய பின்பும் கருவி தன் பண்பு மாறாமல் இருக்க வேண்டும். இந்தத் துடிப்பின் வடிவம் '8/20' என்று குறிக்கப்படுகிறது; அதாவது மின்னோட்டம் சுமார் 8 மைக்ரோவிநாடியில் உச்சத்தை அடைந்து, 20 ஆவது மைக்ரோவிநாடியில் பாதியாகக் குறைகிறது. தொலைவில் விழும் மின்னல் கம்பிகளில் தூண்டும் எழுச்சிக்கும், பெரிய மோட்டார்களும் மின்மாற்றிகளும் இயங்கி நிற்கும்போது எழும் எழுச்சிக்கும் இந்த வடிவம் பொருத்தமானது.

நேரடியாக விழும் மின்னலின் கதை வேறு. முதல் தாக்குதலின் உச்ச மின்னோட்டம் நடுத்தரமாகவே 30 கிலோஆம்பியர் அளவில் இருக்கும். மின்னல் காப்புக்கான ஐ.இ.சி. 62305 தரம் மிகக் கடுமையான நிலைக்கு 200 கிலோஆம்பியரைக் கணக்கில் எடுக்கிறது. அதற்கான சோதனை வடிவம் '10/350'; அதாவது மின்னோட்டம் பாதியாகக் குறைய 350 மைக்ரோவிநாடி ஆகிறது. உச்சம் ஒன்றாகவே இருந்தாலும், அந்த நீண்ட வாலினால் அது கொண்டுவரும் மின்னூட்டம் 8/20 வடிவத்தினுடையதைப் போல 20 மடங்குக்கும் அதிகம். எனவே கூரையில் இடிதாங்கி உள்ள கட்டடத்துக்கும், திறந்த வெளியில் தலைக்கு மேல் கம்பி இழுத்து இணைப்புப் பெறும் இடத்துக்கும் இந்த வகை 2 கருவி மட்டும் போதாது. மின் நுழைவாயிலில் வகை 1 அல்லது இரண்டும் சேர்ந்த 'வகை 1+2' கருவி வேண்டும். வகை 2 பெட்டியின் மேல் இடி படம் போட்டிருப்பதை நம்பி நேரடி மின்னலுக்கும் அது ஈடுகொடுக்கும் என்று விற்பது, வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதாகும்.

அடுத்தது 275 வோல்ட். இது கருவி தொடர்ந்து தாங்கும் மாறுதிசை அழுத்தம். 230 வோல்ட் வழங்கல் சீராக இருக்கும் இடத்தில் இது சரியான தேர்வு. வழங்கல் அடிக்கடி 260, 270 வரை ஏறும் இடத்தில் 320 வோல்ட் மதிப்புள்ளதை எடுப்பது நல்லது. ஆனால் இந்த எண்ணை உயர்த்தினால் மின்னெழுச்சியின்போது கருவி விட்டுவைக்கும் அழுத்தமும் உயரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 'எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு' என்று எண்ணி 385 அல்லது 420 வோல்ட் கருவியை வாங்குவோர் உண்மையில் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றினும் முக்கியமான எண் பாதுகாப்பு மட்டம். இந்த வகைக் கருவிகளில் அது பெரும்பாலும் 1.5 கிலோவோல்ட். 20 கிலோஆம்பியர் பாயும்போது கருவியின் முனைகளுக்கிடையே நிற்கும் அழுத்தம் இதைத் தாண்டாது என்பது அதன் பொருள். 5 கிலோஆம்பியர் போன்ற மிதமான எழுச்சியில் நல்ல கருவிகள் 1 கிலோவோல்ட்டுக்குள் நிற்கும். 230 வோல்ட்டில் இயங்கும் வழக்கமான வீட்டு, அலுவலகக் கருவிகள் 2.5 கிலோவோல்ட் துடிப்பைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. நுண்ணிய மின்னணுச் சுற்றுகளுக்கு 1.5 கிலோவோல்ட்டுக்குள் வைப்பது நல்லது. ஆக, தாளில் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. பெட்டியில் மாட்டியபின் அந்தப் பொருத்தம் பல இடங்களில் கெட்டுவிடுகிறது, காரணம் கம்பி.

செம்புக் கம்பி என்றால் தடையற்ற வழி என்றே நம் மனம் எடுத்துக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது சரி. மைக்ரோவிநாடிகளில் ஏறும் மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு மீட்டர் கம்பியும் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி மின்தூண்டலாக எதிர்த்து நிற்கிறது. மின்னோட்டம் மைக்ரோவிநாடிக்கு 1 கிலோஆம்பியர் வீதம் ஏறினால், ஒரு மீட்டர் கம்பியின் குறுக்கே 1 கிலோவோல்ட் உருவாகும். 10 கிலோஆம்பியர் உச்சமுள்ள 8/20 துடிப்பில் இந்த வீதம் அதைவிடவும் சற்று அதிகம். இப்போது வழக்கமாகக் காணும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சின் வெளிமுனையிலிருந்து ஒரு கம்பி அழகாக விளிம்போரம் வளைந்து, பெட்டியின் மறுகோடியில் இடம் இருந்ததால் அங்கே மாட்டப்பட்ட சர்ஜ் கருவிக்கு வருகிறது; அங்கிருந்து பச்சைக் கம்பி மீண்டும் சுற்றிக்கொண்டு எர்த் பாருக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் என்றால், கருவியின் 1.5 கிலோவோல்ட்டோடு கம்பியின் 1.5 கிலோவோல்ட்டும் சேர்ந்து, உள்ளே போகும் சுற்றுகளுக்கு 3 கிலோவோல்ட் கிடைக்கிறது. கருவி தன் வேலையைக் குறையின்றிச் செய்கிறது. சாளரம் பச்சையாகவே இருக்கிறது. தொலைக்காட்சியின் பவர் போர்டு மட்டும் போய்விடுகிறது. பிறகு "இந்தக் கருவியெல்லாம் வீண்" என்ற பேச்சு எழுகிறது.

இதனால்தான் ஐ.இ.சி. 60364 நிறுவல் விதிகள், ஃபேஸிலிருந்து கருவிக்கும் கருவியிலிருந்து எர்த் பாருக்கும் உள்ள கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டரைத் தாண்டக்கூடாது என்று அறிவுறுத்துகின்றன. தடிமனான கம்பி போட்டால் நீளத்தை ஈடுசெய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தடிமன் தடையைக் குறைக்கும். மின்தூண்டலை மிகச் சொற்பமாகவே குறைக்கும். வகை 2 கருவியின் எர்த் இணைப்புக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும் என்பது மின்னோட்டத்தைத் தாங்குவதற்காக. அழுத்தத்தைக் குறைக்க நீளத்தைக் குறைப்பதைத் தவிர எளிய வழி இல்லை. உபரிக் கம்பியை வெட்டாமல் சுருட்டிச் செருகிவைக்கும் பழக்கம் இங்கே பெருந்தீங்கு செய்யும், ஏனெனில் சுருள் மின்தூண்டலைப் பன்மடங்காக்கிவிடும். கருவியை மெயின் சுவிட்சுக்கும் எர்த் பாருக்கும் மிக அருகில் மாட்டுங்கள். கருவிக்கு இடமில்லை என்றால் வேறொரு எம்.சி.பி.யை நகர்த்துங்கள்.

இந்தக் கருவியின் சில மாதிரிகளில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கம்பிகளை முடுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் மதிப்பெண் கூடுகிறது. வழங்கல் கம்பியைக் கிளை பிரிக்காமல் நேரே கருவியின் முனைக்குக் கொண்டுவந்து, அதே முனையிலிருந்து அடுத்த கம்பியை மற்றச் சுற்றுகளுக்கு எடுத்துச் சென்றால், கிளைக் கம்பி என்பதே இல்லாமல் போகிறது; அந்தப் பக்கத்து மின்தூண்டல் அழுத்தம் கணக்கிலேயே வருவதில்லை. எர்த் பக்கத்திலும் இவ்வாறே செய்யலாம். ஆங்கில வி எழுத்தின் வடிவில் அமையும் இந்த இணைப்பை மின்பணியாளர்கள் 'வி வயரிங்' என்கிறார்கள். முனையின் வழியே முழுச் சுமையும் பாயும் என்பதால், முனை தாங்கும் தொடர் மின்னோட்டத்தைத் தகவல் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய சுமைகளுக்கு இது ஒத்துவராது.

எர்த் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலைபெற்றிருக்கிறது. எர்த் குழியின் தடையை 10 ஓமிலிருந்து 2 ஓமுக்குக் குறைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பார்கள். தடை குறைவாக இருப்பது நல்லதே. ஆயினும் 10 கிலோஆம்பியர் 2 ஓம் வழியே மண்ணில் இறங்கினாலும், தொலைவிலுள்ள மண்ணோடு ஒப்பிட உங்கள் எர்த் 20 கிலோவோல்ட் உயர்ந்து நிற்கும். கட்டடத்துக்குள் வரும் எல்லா உலோகக் கம்பிகளும், அதாவது மின்சாரம், தொலைபேசி, கேபிள், ஆன்டெனா ஆகிய அனைத்தும், ஒரே எர்த் பாரில் இணைந்திருந்தால் அவை அனைத்தும் சேர்ந்தே உயரும், அவற்றுக்கிடையே வேறுபாடு எழாது, கருவிகள் பிழைக்கும். மின்னணுக் கருவிகளுக்கென்று தனிக் குழி தோண்டி, 'சுத்தமான எர்த்' என்ற பெயரில் மற்றதோடு இணைக்காமல் விட்டால், அந்த 20 கிலோவோல்ட் வேறுபாடு முழுவதும் கருவியின் உள்ளேதான் வந்து நிற்கும். இரண்டு குழிகள் இருக்கலாம்; அவை இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மின்னலுக்குப் பின் மற்ற எதுவும் கெடாமல் மோடமோ ரவுட்டரோ மட்டும் செத்துக் கிடப்பதற்கும் காரணம் இதுவே. அதற்கு ஒருபக்கம் மின்சாரமும் மறுபக்கம் செம்புத் தொலைபேசிக் கம்பியும் வருகின்றன. இரண்டு வழிகளின் அழுத்தமும் அதற்குள் மோதுகின்றன. ஈதர்நெட் முனையிலுள்ள சிறு மின்மாற்றிகள் 1500 வோல்ட் மாறுதிசை அழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்கும் காப்புடையவை. மின்னெழுச்சி அதைத் தாண்டினால் அவையும் கைவிடும். இங்கே மதிப்பிடும் கருவி மின்கம்பியை மட்டுமே கவனிக்கிறது என்பதால், செம்பு வழியே வரும் ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் தனிக் காப்பு வேண்டும். அந்தச் சிறு பெட்டிகளுக்குள் இருப்பது இரண்டு படிக் காவல். முதலில் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும், ஆனால் விழித்தெழச் சற்றுத் தாமதமாகும் வாயுக் குழாய். நடுவில் ஒரு சிறு தடை. அதன்பின் நொடிப்பொழுதின் மிக நுண்ணிய பகுதியில் செயல்படும், ஆனால் அதிக ஆற்றலைத் தாங்காத டி.வி.எஸ். டையோடு. டையோடு முதலில் கடத்தத் தொடங்கும்போது தடையின் குறுக்கே எழும் அழுத்தமே வாயுக் குழாயில் பொறியைப் பாயச் செய்கிறது. நடுவிலுள்ள தடையைச் சேமிப்பதாக நினைத்து நீக்கினால் வாயுக் குழாய் விழிக்காது, டையோடு எரிந்துபோகும். கண்ணாடி இழை இணைப்புக்கு மாற முடிந்தால் இந்தக் கவலையே இல்லை. இழைக்கு வலுவூட்ட உள்ளே உலோகக் கம்பி வைத்த கேபிளாக இருந்தால் அந்தக் கம்பியை மட்டும் நுழைவாயிலில் எர்த்தோடு இணைக்க வேண்டும்.

கருவியின் உண்மையான குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நியூட்ரல் அறுந்தால் இது உதவாது. மூன்று ஃபேஸ் வழங்கலில் பொது நியூட்ரல் விடுபட்டால், குறைந்த சுமையுள்ள ஃபேஸின் அழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறி, யாராவது கவனித்து நிறுத்தும் வரை அங்கேயே நிற்கும். மைக்ரோவிநாடித் துடிப்பை விழுங்கப் படைக்கப்பட்ட எம்.ஓ.வி.யால் நிமிடக்கணக்கில் வரும் ஆற்றலை விழுங்க முடியாது. தகவல் தாளில் 335 வோல்ட்டை 5 விநாடி தாங்கும் என்றும், 440 வோல்ட்டில் 120 நிமிடம் வரை 'பாதுகாப்பாகச் செயலிழக்கும்' என்றும் காணலாம். பாதுகாப்பாகச் செயலிழப்பது என்றால் கருவி தீப்பிடிக்காமல் விலகிக்கொள்ளும் என்று பொருள்; அதன் பின்னாலுள்ள உங்கள் உடைமைகள் அந்த 440 வோல்ட்டை வாங்கும். இதற்கு வேண்டியது உயர் அழுத்தத்தை உணர்ந்து வழங்கலையே துண்டிக்கும் ரிலே. பகிர்மானப் பெட்டியில் சர்ஜ் கருவிக்கு அருகே அதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நியூட்ரல் கோளாறு மின்னலைப்போல் பருவம் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, தூரம். கருவிக்கும் காக்கப்பட வேண்டிய மின்னணுக் கருவிக்கும் இடையே கம்பி 10 மீட்டருக்கு மேல் நீண்டால், எழுச்சி அங்கே அலைவுற்று ஏறக்குறைய இருமடங்காக உயரக்கூடும். விலையுயர்ந்த கருவி கடைசி அறையில் இருந்தால் அதன் அருகே மேலும் ஒரு சிறிய காப்பு, வகை 3, வேண்டும். இந்த இடத்தில்தான் பிளக் பலகை வடிவிலான ஸ்பைக் பஸ்டர்கள் பயன்படுகின்றன, அவை முதல் காவலாக அல்ல, இறுதிக் காவலாக இருக்கும்போது. மலிவான பலகைகளைத் திறந்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 7 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றை எம்.ஓ.வி. வட்டு மட்டும் சால்டர் செய்யப்பட்டிருப்பதைக் காணலாம். 10 மில்லிமீட்டர் வட்டு 8/20 துடிப்பில் ஏறத்தாழ 2500 ஆம்பியரையே ஒருமுறை தாங்கும். 20 மில்லிமீட்டர் வட்டு 6500 ஆம்பியரைத் தாங்கும். எர்த்துக்கு எந்தக் காப்பும் இல்லை, வெப்பத் துண்டிப்பானும் இல்லை. சிவப்பு விளக்கு எரிவது மின்சாரம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பெட்டியில் அச்சிடும் 'ஜூல்' எண் பலகை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். எவ்வளவு அழுத்தத்தை உள்ளே விடும் என்பதைச் சொல்லாது. யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர் இரண்டையும் மின்னெழுச்சிக் காப்பாக எண்ணிக்கொள்ளவும் கூடாது. அவையே காக்கப்பட வேண்டிய மின்னணுக் கருவிகள்.

சுற்றுப் பலகை வடிவமைப்போருக்கும் ஒரு சொல். பகிர்மானப் பெட்டியில் நல்ல கருவி இருக்கிறது என்பதற்காகப் பலகையின் நுழைவிலுள்ள எம்.ஓ.வி.யை விட்டுவிடாதீர்கள். 20டி471 என்ற வட்டு 300 வோல்ட் மாறுதிசையைத் தொடர்ந்து தாங்கும். 1 மில்லிஆம்பியரில் 470 வோல்ட் காட்டும். 100 ஆம்பியரில் 775 வோல்ட்டில் நிற்கும். அதை ஃபியூஸுக்குப் பின்னே வைத்தால், அது குறுக்குச் சுற்றாகும்போது ஃபியூஸ் போய் ஆபத்து நீங்கும்; முன்னே வைத்தால் அந்தக் காவல் இல்லை. ஐ.இ.சி. 61000-4-5 என்னும் மின்னெழுச்சித் தாங்குதிறன் சோதனையில் தேறிய பலகைக்கும் தேறாத பலகைக்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் உதிரிப் பாகங்களில் இல்லாமல், எம்.ஓ.வி.யின் கால்களுக்குப் போகும் செம்புத் தடத்தின் நீளத்தில் இருக்கிறது; பெரிய பெட்டியில் அரை மீட்டருக்குச் சொன்னதே இங்கே சென்டிமீட்டருக்குப் பொருந்துகிறது.

மாட்டும் இடத்தைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். கருவியை ஆர்.சி.சி.பி.க்கு முன்னே வைக்க வேண்டும். இல்லையேல் எர்த்துக்கு இறங்கும் எழுச்சி மின்னோட்டமே ஆர்.சி.சி.பி.யைத் தட்டிவிடும், அதன் உட்பாகங்களையும் சிதைக்கக்கூடும். அடுத்து, கருவிக்கு முன்னால் 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைப் பூட்டிவைக்கும் வழக்கம் வேண்டாம். மின்னெழுச்சி வந்ததும் அது விழுந்துவிடும், அதன்பின் காப்பு இல்லை என்பது யாருக்கும் தெரியாது. கம்பி நீளமும் கூடும். தகவல் தாளில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச முன் ஃபியூஸ், பல மாதிரிகளில் 125 ஆம்பியர், குறிப்பிடப்பட்டிருக்கும். மெயின் ஃபியூஸ் அதற்குள் இருந்தால் தனி ஃபியூஸே தேவையில்லை.

பச்சைச் சாளரத்தை எவ்வளவு நம்பலாம்? துண்டிப்பான் இன்னும் விடுபடவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. வில்லை எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதை அறிய, கார்ட்ரிட்ஜைக் கழற்றி 1 மில்லிஆம்பியர் பாயும்போதுள்ள அழுத்தத்தை அளக்க வேண்டும். 275 வோல்ட் கருவியில் அது 430 வோல்ட்டை ஒட்டி இருக்கும். தொடக்க மதிப்பிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிடலாம். அடிப்பகுதியைத் தொடாமலே கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்ற முடிவது இந்த வடிவமைப்பின் பெரும் நன்மை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் மற்றொன்றின் அடிப்பகுதியில் பொருந்தாது. எனவே வாங்கும்போதே உதிரி ஒன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது. ஆளில்லா இடங்களுக்கு, சாளரம் சிவப்பாகும்போது எச்சரிக்கை அனுப்பும் தொடர்பு முனை உள்ள மாதிரியை எடுக்கலாம்.

கார்ட்ரிட்ஜ் கழலும் வசதிக்கு மற்றொரு பயனும் உண்டு. வயரிங்கின் காப்பைச் சோதிக்க 500 வோல்ட் மெக்கரை (காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்தால், 430 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கும் எம்.ஓ.வி. குறைந்த காப்புத் தடையைக் காட்டி, நல்ல வயரிங்கைப் பழுதானதாகத் தோன்றச் செய்யும். அதனால் சோதனைக்கு முன் கார்ட்ரிட்ஜைக் கழற்ற வேண்டும். கழற்றிய கார்ட்ரிட்ஜ் மேசையிலேயே கிடந்து, பெட்டி மூடப்பட்டுவிடுவதும் உண்டு. வெறும் அடிப்பகுதி எந்தக் குறையையும் காட்டாமல் மின்சாரத்தை வழக்கம்போல் ஓடவிடும். ஆகவே கார்ட்ரிட்ஜ் இருக்கும் இடத்தில் மூடியின் உட்புறமாக, 'சோதனைக்குப் பின் திரும்பச் செருகவும்' என்று அழியாத மையில் எழுதி ஒட்டிவையுங்கள்.